மொட்டைமாடி வெயில்

கூரை போட்டு மூடிய அந்த நகரத்தில் நிஜ வெயில் மொட்டைமாடிகளில் மட்டும்தான் விழுந்தது. மற்றவர்களுக்கு வைட்டமின் டி மாத்திரைதான். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய் யாருக்கு வரக்கூடும் என்று ரத்தம் சொன்னதோ, அவர்களை மட்டும் மாடிக்கு விட்டார்கள். பைரவியின் ரத்தம் அப்படிச் சொல்லியிருந்தது. அவள் அக்கா கோமகளின் ரத்தம் சொல்லவில்லை.

தினமும் பைரவி கறுத்து மினுமினுத்துக்கொண்டு இறங்கி வருவாள். அவள் தலைமுடியில் வெயில் வாசம் அடிக்கும். கோமகளுக்கு வயிறு பற்றி எரியும். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "அந்தக் கறுப்புப் பொண்ணு யாரு?" என்றுதான் ஆசையாகக் கேட்டார்கள்.

"நோய் வரும்னுதான்க்கா என்னை அனுப்புறாங்க. அது உனக்கு வேணுமா?" என்றாள் பைரவி.

"உனக்கென்னடி, நீ பேசுவ."

அன்றிலிருந்து கோமகள் மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டு, அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிடுவாள்.

மறு வருஷம் ஒரு நாள் காலையில் எழுந்தால் அவளால் விரல்களை மடக்க முடியவில்லை. ரத்தத்தைப் பார்த்த டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வரக்கூடும்ங்கிற கட்டத்தைத் தாண்டிருச்சும்மா. மூட்டுல ஆரம்பிச்சாச்சு. நாளையிலேர்ந்து நீயும் மாடிக்குப் போகணும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பைரவி அக்காவின் வீங்கிய விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கோமகள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எவ்வளவு நேரம் டாக்டர்? இவளைவிடக் கூடவா?"