துடைத்த தரை

"எங்கே போற?"

மாப் கட்டை குறுக்கே வந்து விழுந்தது. எலிசியோ தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான்.

ரஷ்யாவின் வரோனெஷ் நகரத்தில் அந்த மொழிப் பயிற்சி நிலையத்தின் இரண்டாம் மாடிக் காரிடார் முழுக்க இந்தத் துப்புரவுக்காரியின் ராஜ்ஜியம். அவள் துடைத்து முடித்துவிட்டால் நிலையத்தின் இயக்குநரே ஷூவுக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு சுவரோரமாக ஒட்டி ஒட்டித்தான் போவார். ஹவானாவிலிருந்து வந்து சேர்ந்து பத்தே மாதம் ஆன எலிசியோ எம்மாத்திரம்?

"தேர்வு அறைக்குப் போறேன்."

"எங்கேயிருந்து வர்ற?"

"வீட்டிலிருந்து நடந்து வர்றேன்."

"தினமும் எதுக்கு இங்க வர்றதும் போறதுமா இருக்க?"

அதற்கும் சொன்னான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு கட்டை மேலே போனது. எலிசியோ நுனிக்காலில் கடந்து போனான்.

நாற்பத்து நான்கு வயதில் ஒரு மொழியைக் கற்றுக்கொள்வது லேசுப்பட்ட காரியமில்லை. அதுவும் இந்த மொழியில் பஸ்ஸில் போவதற்கு ஒரு சொல், காலால் போவதற்கு வேறு சொல். காலால் போவதிலும் இப்போது ஒரு பக்கமாகப் போவது வேறு, தினமும் போய்வருவது வேறு. கிளம்புவது, வந்து சேர்வது, போகிற போக்கில் எட்டிப் பார்ப்பது என்று நடைக்கு மட்டும் ஒரு பெரிய குடும்பமே இருந்தது. ஆசிரியை கரும்பலகையில் அம்புகளாக வரைந்து தள்ளினாள். ஒன்றுகூட எலிசியோவின் மண்டையில் தைக்கவில்லை.

தேர்வில் ஒரு முறை தோற்றாயிற்று. இந்த முறையும் தோற்றால் வசிப்பு அனுமதி கிடையாது. மாதக் கடைசியில் விமானம் ஏறிவிட வேண்டும். மனைவி லாரிசா இங்கே ஏழு மாத வயிற்றோடு இருப்பாள். பிள்ளை பிறக்கிற நேரத்தில் அப்பன்காரன் கடலுக்கு அந்தப் பக்கம் நிற்பான். இதை நினைத்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

ஆனால் இரண்டு மாதமாக இந்தப் பெண் அவனைத் தினமும் மறித்தாள். அதே மூன்று கேள்விகள், அதே அதட்டல். அவளிடமிருந்து தப்பிப்பதற்காகவே வருகிற வழியெல்லாம் பதில்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். அம்பில் ஏறாதது அதட்டலில் ஏறியது.

தேர்வு அறையில் கண்ணாடி போட்ட அம்மாள் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். எங்கிருந்து வருகிறீர்கள்? தினமும் எப்படி வருகிறீர்கள்? இங்கிருந்து எங்கே போவீர்கள்?

எலிசியோவின் முதுகு தானாக நிமிர்ந்தது. வீட்டிலிருந்து நடந்து வந்தேன், தினமும் நடந்துதான் வந்துபோகிறேன், இப்போது மனைவியிடம் போவேன், பிறகு இரண்டு பேரும் பூங்காவில் நடந்துவிட்டு வருவோம். எல்லாம் கோர்வையாக வந்து விழுந்தன. அதோடு வாயை மூடியிருக்கலாம். பழக்க தோஷம், துப்புரவுக்காரியிடம் தினமும் கடைசியாகச் சொல்வதும் யாரும் கேட்காமலே வந்தது.

"சுவரோரமாவே போயிடறேன், கோவிச்சுக்காதீங்க!"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே தாளில் 'தேர்ச்சி' என்று எழுதினாள்.

எலிசியோவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. லாரிசாவுக்கு என்று வாங்கிய சாக்லேட் கோட்டுப் பையில் இருந்தது. அது இனி துப்புரவுக்காரிக்குத்தான். லாரிசாவுக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம்.

காரிடாரில் அவளைக் காணோம். பெஞ்சில் மட்டும் ஒரு பெண் அடுத்த ஆளாகக் காத்திருந்தாள். பச்சை ஸ்வெட்டர், படிய வாரிய தலை, மடியில் அம்புகள் நிறைந்த தாள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

தாண்டிப் போனவன் நின்றுவிட்டான். அந்த ஜெபம் ரஷ்ய மொழி இல்லை. கடவுள், ரொட்டி, வானம் என்று அவனுடைய ஸ்பானிய மொழிக்குப் பக்கத்து வீடு போல ஏதோ ஒன்று. திரும்பி முகத்தைப் பார்த்தான்.

அவளேதான்.

பெயர் வியோரிகா என்றாள். ஊர் மால்டோவா, பேச்சு ருமேனிய மொழி. அவளுக்கும் வசிப்பு அனுமதிக்கு இதே தேர்வுதான். இலையுதிர் காலத்தில்தான் வேலைக்கு வந்தாளாம். வாளியைக் கைமாற்றிவிட்டுப் போன பழைய துப்புரவுக்காரி, இது போதும் பிழைத்துக்கொள்வாய் என்று அந்த மூன்று கேள்விகளை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தாள். பாதி அவள் மொழியிலும் மீதி கைஜாடையிலுமாக எலிசியோ இதையெல்லாம் புரிந்துகொண்டான். இத்தனை நாளும் அவள் முறைத்தது கோபத்தால் இல்லை. அவன் சொன்ன பதிலில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு விளங்கியதில்லை.

அவள் அந்த அம்புத் தாளை அவன் பக்கம் நீட்டினாள்.

"அண்ணே, உள்ள அந்தம்மா கேட்டா நான் என்ன சொல்றது? எனக்குக் கேள்வி மட்டுந்தான் தெரியும்."

அவள் பெயரைக் கூப்பிட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எலிசியோ கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, முதல் பதிலிலிருந்து ஆரம்பித்தான்.