மெதெர்பெக் வீட்டு முறை

ஷர்ஷென் உள்ளே வந்தபோது உல்ஜான் எழுந்திருக்கவில்லை.

அவர் தலையைக் கண்டால் ஊரில் பெண்கள் மரியாதைக்காவது எழுந்து நிற்பார்கள். இவள் தாழ்வான பலகைமேல் இருந்த கேஸ் அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் நீளமான மரக்கரண்டி, மறு கை அடுப்பின் திருகில்.

"எழுந்தா அடிபிடிச்சிடும் அண்ணே. டீ அந்தக் கெண்டில இருக்கு, நீங்களே ஊத்திக்குங்க."

தரையில் கிடந்த பானைகளைக் காலால் ஒதுக்கிவிட்டு அவர் மேசைக்குப் போனார். தன் கையால் டீ ஊற்றி எத்தனை காலமாயிற்றோ, பாதி வெளியே சிந்தியது.

அடுப்பில் இருந்தது பெரிய பானை. பனிவரகுக் கூழ் சோம்பலாக ஒரு குமிழி விட்டு அடங்கியது. கீழே நெருப்பு பூனை நாக்கு அளவுதான். கொஞ்சம் கூட்டினாலும் போதும், தீய்ந்துவிடும். இந்தக் கூழைப் புளிக்கவைத்துக் குடிக்கும் போசோவில் தீய்ந்த வாடை அடித்தால் நாய்கூட மோந்து பார்க்காது. சாயங்காலம் வரை இப்படியே கிண்டி, ஆறவைத்து, முளைதானிய மாவு கலந்து, துணியில் வடித்து, நுரைக்க விட வேண்டும்.

தலாஸ் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தைத் தள்ளுவதே போசோவால்தான். வாரம் ஒரு வீட்டு முறை. அந்த வீட்டில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து குடிப்பார்கள், வம்பளப்பார்கள், தொண்டை கிழியப் பாடுவார்கள். அந்த வட்டத்துக்கு ஜோரோ என்று பெயர். ஷர்ஷென்தான் அதற்குத் தலைவர். முறை தவறிய வீட்டுக்கு அப்புறம் வட்டத்தில் இடமில்லை என்பது அவர் கட்டிக் காத்துவரும் விதி.

இந்த வாரம் மெதெர்பெக்கின் முறை. மெதெர்பெக்கை அறுவடை முடிந்த கையோடு அடக்கம் பண்ணியாயிற்று.

அவர் தொண்டையைச் செருமினார். "நாங்க எல்லாரும் பேசிட்டோம்மா. உனக்கு எதுக்கு இந்தச் சிரமம்? உங்க வீட்டு முறையை எடுத்துட்டோம்."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

அழுவாள் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். ஆறுதலாக நாலு வார்த்தைகூட வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். எல்லாம் வீணாய்ப் போயிற்று.

"மெதெர்பெக்கே போயிட்டான். அப்புறம் முறை என்ன முறை?"

கரண்டி நிற்கவில்லை. "போனது குடிச்சவரு அண்ணே. காய்ச்சினவ இங்கதானே இருக்கேன்."

அவருக்குச் சுருக்கென்றது. எத்தனை குளிர்காலம் நாக்கைச் சப்புக்கொட்டி, 'மெதெர்பெக் போசோன்னா மெதெர்பெக் போசோதான்' என்று அவரே மெச்சியிருக்கிறார்! வட்டத்தின் நடுவே மெதெர்பெக் மீசையை நீவிக்கொள்வான். இவள் கதவோரம் வாளியோடு நிற்பாள், கிண்ணம் காலியானால் நிரப்ப.

"வியாழக்கிழமை எல்லாரும் வாங்க," என்றாள் உல்ஜான். "அவரு இடத்துல நான் உக்காருவேன். வாளியை வேற யாராவது தூக்கட்டும்."

"பொம்பளையா? நம்ம ஜோரோவுலயா?" கிண்ணத்தை ணங்கென்று வைத்தார். "ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டுமே. சிரிச்சவங்களுக்கும் ஆளுக்கு ஒரு கிண்ணம் தரேன்."

இதற்குமேல் இவளிடம் பேசுவது தன் தகுதிக்குக் குறைவு என்று ஷர்ஷெனுக்குப் பட்டது. கோபத்தில் காது சிவந்துவிட்டது. எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"இந்த வாரம் ஜோரோ என் வீட்டுல. அசில்கான் இந்நேரம் அடுப்பைப் பத்த வெச்சிருப்பா. நீ இந்தப் பானையைக் கட்டிக்கிட்டுத் தனியா உக்காந்து குடி."

உல்ஜான் கரண்டியைப் பானை விளிம்பில் சாய்த்து வைத்தாள். ஒரே பக்கம் சூடேறக் கூடாதென்று இரண்டு கையிலும் துணியைப் பிடித்து, பானையை மெதுவாகப் பாதி வட்டம் திருப்பினாள்.

சுவரோரம் இருந்த கைப்பிடி இந்தப் பக்கம் வந்தது. அதில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது.

பழைய டிராக்டரிலிருந்து உருவிய கம்பி. பானையின் கைப்பிடி ஆடுகிறது, ஆடுகிறது என்று அவர் மனைவி அசில்கான் வருடக்கணக்கில் நச்சரித்த பிறகு ஒருநாள் அவரே உட்கார்ந்து சுற்றியது. முடிச்சு கோணலாக விழுந்ததற்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முடிச்சு இன்னும் கோணலாகத்தான் இருந்தது.

இத்தனை காலம் அவர் கிண்ணத்தைப் பார்த்திருக்கிறாரே தவிர பானையைப் பார்த்ததில்லை. இப்போது குனிந்து, தான் காலால் ஒதுக்கிய பானைகளைப் பார்த்தார். எல்லாம் கழுவிக் கவிழ்த்தவை. அடுப்பில் இருந்ததையும் சேர்த்தால், ஜோரோவில் எத்தனை வீடோ அத்தனை பானை.

"ஜோரோ நடக்கும் அண்ணே," என்றாள் உல்ஜான். நெருப்பைக் கூட்டவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "உங்க வீட்டு முறையும் வரும். வட்டத்துல யார் யார் உக்கார்றதுன்னுதான் பொம்பளைங்க நாங்க இன்னும் பேசி முடிக்கல."

காலையில் அசில்கான் அவருடைய உரோமத் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்து, "நீங்களே நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க, ஆள் விட்டுச் சொன்னா நல்லாருக்காது" என்று வாசல்வரை வந்து வழியனுப்பியிருந்தாள்.

வருகிற வழியெல்லாம் அதைத் தனக்குக் காட்டிய மரியாதை என்றே அவர் நினைத்திருந்தார்.