ராக் பிடிக்குமா?

“தம்பிக்கு ராக் பிடிக்குமா?”

“பிடிப்பேன் அங்கிள். நாலு பேர் சேர்ந்தா எவ்ளோ பெரிய ராக்கா இருந்தாலும் பிடிச்சு லோரியில ஏத்திடுவோம்.”

சொன்ன பிறகுதான் முகுந்தனுக்கு உறைத்தது. அவர் கேட்டது ராக் பாட்டை. தெலுக் பங்லிமா காராங் ஊர்க் கிடங்கில் நாள் முழுக்கச் சாமான் அடுக்கும் இரும்பு ராக்குகளோடு மல்லுக்கட்டுகிறவன் வாயில் வேறு எது வரும்?

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. எதிரே அவன் காதலி பெர்னிஸின் அப்பா இக்னேஷியஸ், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் சந்திப்பு. பெர்னிஸ், அம்மாவுக்குச் சாப்பாடு கட்டச் சொல்லக் கவுண்டருக்குப் போயிருந்தாள். அப்பா சரி என்றால்தான் கல்யாணம் என்று அவள் எப்போதோ சொல்லிவிட்டாள்.

“அப்பா பெரிய இசைப் பைத்தியம். பாட்டைப் பத்திதான் கேப்பாரு. தயாரா வா” என்றும் சொல்லியிருந்தாள். அதற்காகத் தினமும் புதுப் பாட்டு ஒன்றைப் போனுக்கு அனுப்பினாள். வேலை முடிந்து இடுப்பு வலியோடு படுத்தபடி அவனும் கேட்டான். எதுவும் மண்டையில் நிற்கவில்லை.

இக்னேஷியஸ் சிரிக்கவில்லை. யோசித்தார்.

“நாலு பேரா? ம்... நல்லது.”

நக்கல்தான் என்று முகுந்தனுக்குப் பட்டது.

“ஜாஸ் எப்படி? புதுசா வந்ததுல?”

“ஒரு பொண்ணு பாடுனது கேட்டேன் அங்கிள். ரொம்ப நல்லாருக்கு. கேட்டா உடனே தூக்கம் வந்துடுது.”

“கே-பாப்?”

“ஏழு பேர் பாடுறாங்க. யாரு எதைப் பாடுறான்னுதான் தெரியல லா. உங்களுக்கு எது பிடிக்கும் அங்கிள்?”

இக்னேஷியஸ் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். “எனக்கு எல்லாமே பிடிக்கும். நீ ராப் பத்திச் சொல்லு.”

“வேகமா பேசுறாங்க. ஆனா பாசார்ல மீன் விக்கிறவரு இன்னும் வேகம் அங்கிள்.”

அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கதை முடிந்தது என்று முகுந்தன் நினைத்தான். தோற்பதுதான் தோற்கிறோம், உண்மையைச் சொல்லித் தோற்கலாம்.

“அங்கிள், மன்னிச்சுக்குங்க. இதெல்லாம் எனக்கு ஒன்னும் தெரியாது. கிள்ளான்ல எங்க செட்டோட உறுமி அடிப்பேன். தைப்பூசத்துக்குப் பத்துமலை போவோம். ரவுடி மேளம்னு சில பேரு சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே பாட்டு அதுதான். உங்க மகளை நல்லா பாத்துக்குவேன். ஆனா உங்க அளவுக்கு இசை தெரிஞ்சவன் நான் இல்ல.”

இக்னேஷியஸ் நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பெரிய மூச்சாக விட்டார்.

“அப்பாடா! நீதான் பெரிய இசைப் பைத்தியம், பாட்டைப் பத்திக் கேக்கலன்னா நீ கோவிச்சுக்குவன்னு சொல்லி அவ எனக்குத் தினம் ஒரு பாட்டு அனுப்புறாப்பா! நாம ரெண்டு பேரும் வாயே திறக்காம உக்காந்திருப்போம்னு பயந்துட்டா போல. கேள்விய மனப்பாடம் பண்ணியே நான் செத்தேன்... உங்க உறுமி செட்டை நேரா சர்ச் வாசலுக்கே கூட்டிட்டு வந்துடுங்க, மாப்பிள்ளை!”