பாளை ரோடு, காலை ஒன்பது மணி

நேசக்குமார் சுவரில் தொங்கிய ஓவியத்தைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பண்ணுதிய? முதல் பரிசு வாங்குன படம்!" கண்காட்சி நடத்தும் சிவப்பிரகாஷ் ஓடிவந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இத நான் அனுப்பவே இல்ல. மத்த படங்களோட சேர்ந்து வந்துட்டு. மக வந்துக்கிட்டிருக்கா. அவ பாக்கக் கூடாது." குரலில் கோபமில்லை. எதுவுமே இல்லை.

"பாக்கக் கூடாத அளவுக்கு இதுல என்ன இருக்கு?"

பாளை ரோடு இருந்தது. நீர்வண்ணத்தில் கடைகளும் ஆட்டோக்களும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஒழுகின. மனிதர்கள் ஆளுக்கொரு தூரிகை இழுப்பு, முகம் கிடையாது. முச்சந்தியில் மட்டும் ஒரு கூட்டம் வட்டமாகக் குனிந்து நின்றது.

"அந்தக் கூட்டத்துலதான் சார் நடுவருங்க மூணு பேரும் சொக்கிட்டாங்க. என்ன உயிர்ப்பு! எதைச் சுத்தி நிக்காங்க, மீன் யாவாரமா?"

"அப்பா!"

சாயர்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஜெப்ஸி, படத்தில் ஒட்டியிருந்த 'முதல் பரிசு' அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். படத்தின் மூலையில் அவர் போட்டிருந்த தேதியைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

"இதே முச்சந்தியில லாரி அடிச்சு அம்மா போன அன்னைக்கு, நீங்க துறைமுகத்துல வரைஞ்சிக்கிட்டு இருந்ததாத்தானப்பா சொன்னிய?"

நேசக்குமார் சட்டத்திலிருந்து கையை எடுத்தார்.

"யாரோ அடிபட்டுட்டாங்கன்னு பக்கத்துக் கடை அண்ணாச்சி கூப்பிட்டாரு. எந்திரிச்சுப் போனா தாள்ல ஈரம் காஞ்சிரும்னு நான் போகல. கூட்டம் அழகா நின்னுச்சு. அதையும் வரைஞ்சேன்."