மாப்பிள்ளைக் கோட்டு

வண்ணார்பேட்டையில் தையல் கடை வைத்திருந்த காஜா முகைதீனைத் தேடி ஜவுளி வியாபாரி நூர்முகம்மது வந்தார்.

"என் மக சபீதாவுக்கு மாப்பிள்ளை முடிவாயிட்டு வே. அவருக்கு ஒரு கோட்டு தைக்கணும்."

போன வாரம்தான் சபீதாவைப் பெண் கேட்டு காஜா தன் தாயாரை அனுப்பியிருந்தான். பதில் வரவில்லை. இதுதான் பதில் போலிருக்கிறது. அவர் நீட்டிய துணியை வாங்கிக்கொண்டான்.

"அளவு, மொதலாளி?"

"உம்ம உசரம், உம்ம உடம்புதான். உம்ம அளவுக்கே வெட்டும். கழுத்து எப்படி வைக்கலாம்?"

"அவுகளுக்குப் பிடிச்ச மாதிரி."

"உமக்கு எப்படிப் பிடிக்கும்?"

"எனக்கு மூடின கழுத்துதான் பிடிக்கும். ஆனா என் இஷ்டத்தை அடுத்தவுக உடம்புல ஏத்தக் கூடாதுல்லா?"

"சரி, பொத்தான் எதுல வைக்கலாம்?"

காஜாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"போடப்போறவுக ஆசைதான் முக்கியம், மொதலாளி. மாப்பிள்ளைகிட்டயே கேட்டுட்டு வாங்க!"

நூர்முகம்மது வாய்விட்டுச் சிரித்தார்.

"அவர்கிட்டதான் வே இவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டிருக்கேன்! சபீதாவும் சரின்னுட்டா."

காஜா முகமெல்லாம் மலரச் சொன்னான்:

"அப்பம் வெள்ளிப் பொத்தானே வச்சிருவோம், மாமா!"