வேலிக்கு வெளியே ஒருவர்

"யாரைக் கேட்டு இந்தக் காட்சியைச் சேர்த்தீங்க?"

நான் போட்ட சத்தத்தில் பள்ளி மைதானமே திரும்பிப் பார்த்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

என் நாவல் படமாகிறது. படப்பிடிப்பு ஜப்பானில் நான் பிறந்த துறைமுக ஊரில், நான் படித்த அதே தொடக்கப் பள்ளியில். படக்குழுவுக்கு இனிப்புப் பெட்டிகளோடு போயிருந்தேன். புதிதாகத் திருத்திய பக்கங்களைக் கையில் கொடுத்தார்கள். வந்ததே கோபம்!

திரைக்கதை எழுதிய மினெகிஷி சின்னப் பெண். இடுப்பு வளையக் குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க, சென்செய்." எழுத்தாளர்களை இங்கே மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்.

"மன்னிப்பு கிடக்கட்டும். நாவலைப் படிச்சியா, இல்லையா? அப்பாவுக்கு மீன் சந்தையில வேலை. பொண்ணோட விளையாட்டு விழாவுக்கு ஆறு வருஷமும் எட்டிக்கூடப் பார்க்கல. மத்த பிள்ளைங்க குடும்பத்தோட பாய் விரிச்சு சோத்துருண்டை சாப்பிடறப்ப, இவ ஒண்டியா உக்காந்திருக்கா. அதைப் படிச்சுட்டுத்தானே அத்தனை பேரும் அழுதாங்க? நீ என்னடான்னா அப்பாவைக் கொண்டாந்து வேலிக்கு வெளியே நிறுத்தியிருக்கே!"

"இல்ல சென்செய், அது வந்து..."

"உன் கண்ணீர் வியாபாரத்துக்கு எங்கப்பாதான் கிடைச்சாரா? இது என் வாழ்க்கை! இந்தக் காட்சி இருந்தா, படத்துக்குக் கொடுத்த அனுமதியைத் திருப்பி வாங்கிடுவேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. இயக்குநர் ஹதகெதா ஓடி வந்தார்.

"அவளைத் திட்டாதீங்க, சென்செய். எழுதச் சொன்னதே நான்தான். நேத்து விழாக் காட்சி எடுக்க, கூட்டத்துல உக்கார ஊர்க்காரங்களைக் கூப்பிட்டிருந்தோம். எல்லாரும் பாயில உக்காந்தாங்க. ஒரு பெரியவர் மட்டும் நேரா வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டார். உள்ள வாங்கன்னு எவ்வளவோ கூப்பிட்டோம், அசையல."

"யாரு அது?"

"பேர் கேட்டோம், சொல்லல. 'என் மேல மீன் நாத்தம் அடிக்குது, விழாவுக்கு வராதேன்னு பொண்ணு சொல்லிட்டா. ஆறு வருஷமும் இங்க நின்னுதான் பார்த்தேன்'னார். அதான் அப்படியே சேர்த்துட்டோம். யார் பெத்த பொண்ணோ! பாவம், மனுஷன்."

வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

முந்நூறு பக்கம் எழுதியிருந்தேன். அப்பாவிடம் 'வராதே' என்று நான் சொன்னதை மட்டும் எழுதவில்லை.