மேல் வரும்படி

நேர்மையின் விலை இருபதாயிரம். ராமகிருஷ்ணன் விசாரித்த வரையில் அதுதான் சந்தை நிலவரம். ஆள் பார்த்துப் பேசினால் ஐந்து குறையும்.

அந்த இருபதையும் கோயில் விபூதிக் கவரில் மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தீயணைப்பு நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

தீப மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் புது லாட்ஜ் கட்டி முடித்தாயிற்று. கார்த்திகை தீபத்துக்கு அத்தனை அறைக்கும் முன்பணம் வாங்கியாயிற்று. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கிடைத்தால் பூட்டைத் திறக்கலாம். கிடைக்காவிட்டால் கடன் கொடுத்த வங்கி வந்து திறந்துகொள்ளும்.

நிலைய அலுவலர் எழிலரசி லாட்ஜைப் பார்க்க வந்தபோது ஒரு வாய் டீ கூடக் குடிக்கவில்லை. வெளிப்பக்கம் இன்னொரு படிக்கட்டு வைக்கச் சொன்னார், வைத்தாயிற்று. ஆனாலும் டீ குடிக்காத அதிகாரி என்றால் ராமகிருஷ்ணனுக்குச் சந்தேகம். டீயோடு முடிகிற ஆளில்லை என்றல்லவா அர்த்தம்?

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே எழிலரசியின் குரல்.

“நேத்து எவ்ளோண்ணே வந்துச்சு?”

“மேலேருந்து ஆறாயிரம் மேடம். ஒரே நாள்ல!” இது தீயணைப்பு வீரர் கண்ணாயிரம்.

“பத்திரமா கீழ இறக்கியாச்சா?”

“ஆச்சு. மொதல்ல வந்தது அழுக்கு, அதை வெளிய விட்டுட்டேன். மிச்சத்த வடிகட்டித்தான் உள்ள அனுப்புனேன்.”

“இந்த சீசன்ல மொத்தம்?”

“நாப்பதாயிரம். போன வருசத்தவிட ஜாஸ்தி. தீபம் முடிஞ்சா கம்மியாயிடும் மேடம்.”

ராமகிருஷ்ணனுக்கு வியர்த்துவிட்டது. மேல் வரும்படியைக் கதவைக்கூடச் சாத்தாமல் கத்தரிக்காய்க் கணக்குப் போலப் பேசுகிறார்களே! அதிலும் அழுக்கு நோட்டைத் தொட மாட்டார்களாம். நல்லவேளை, தான் கொண்டு வந்தது அத்தனையும் சலவை நோட்டு.

ஒரே நாளில் ஆறாயிரம் பார்ப்பவர்களுக்கு இருபது எம்மாத்திரம்? சுற்றுமுற்றும் பார்த்து, வேட்டியைச் சற்றே விலக்கி, டிராயர் பையிலிருந்து இன்னொரு பத்தாயிரத்தை எடுத்துக் கவருக்குள் திணித்தார்.

கண்ணாயிரம் வெளியே வந்தார். “லாட்ஜ்காரரே, மேடம் கூப்புடறாங்க. சிரிச்ச முகமா போங்க.”

அந்தச் ‘சிரிச்ச முக’த்துக்கும் தனிக் கட்டணம் இருக்குமோ என்று யோசித்தபடியே ராமகிருஷ்ணன் உள்ளே போனார்.

எழிலரசி ஒரு காகிதத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். “வாங்க சார், உக்காருங்க.”

“இருக்கட்டும் மேடம். மொதல்ல சாமி பிரசாதத்தப் புடிங்க.”

அவர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினார். நெற்றிக்கு இட்டுக்கொள்ளக் கவருக்குள் விரலை விட்டார். விரலோடு வந்தது ஐந்நூறு ரூபாய்த் தாள்.

“என்ன சார் இது?”

“முப்பது இருக்குதுங்க. ஒண்ணுகூட அழுக்கு கிடையாது, நீங்க வடிகட்டவே வேணாம்.” ராமகிருஷ்ணன் கண்ணடித்தார்.

எழிலரசி மேஜையில் இருந்த காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். தடையில்லாச் சான்று. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. தேதி நேற்றையது.

“இதக் குடுக்கத்தான் கூப்பிட்டேன்” என்றார். காகிதத்தை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். “கண்ணாயிரம் அண்ணே! லஞ்ச ஒழிப்புக்குப் போன் போடுங்க.”

ராமகிருஷ்ணன் மேஜையில் ஓங்கித் தட்டினார். லாட்ஜ் போயிற்று, இனி வாயையாவது விடுவானேன்?

“யார்கிட்ட மேடம் கத விடறீங்க? நான் குடுத்தா லஞ்சம், மேலேருந்து வந்தா பிரசாதமா? நாப்பதாயிரம்னு என் ரெண்டு காதால கேட்டேன். வரட்டும் அவங்க. உங்க கணக்கையும் எடுத்துக் காட்டுங்க!”

“தாராளமா.” எழிலரசி நாற்காலியில் சாய்ந்துகொண்டு கணக்கை ஒப்பித்தார்.

“மேலேருந்து வந்தது நாப்பதாயிரம், நெருப்பணைக்க வண்டியில போனது முப்பத்தாறு, கீழ தொட்டியில இருப்பு நாலு. எல்லாம் லிட்டருங்க, நம்ம மொட்டைமாடி மழைத்தண்ணி!”